இம்ஜாவின் மதகு வரை: கும்புவில் பதினொரு நாள்

நவம்பர் 5, 2024, செவ்வாய். லுக்லா – பாக்திங்

ஒரு நாள் தாமதம். நேபாளத்தில், எவரெஸ்ட் அடிவாரமான கும்புப் பகுதிக்கு விமானம் இறங்கும் ஊர் லுக்லா. அதன் ஓடுபாதை 527 மீட்டர்தான் நீளம், அதுவும் மலையை நோக்கி ஏறுகிற சரிவு. பள்ளத்தாக்கின் வாயில் மேகம் உட்கார்ந்துவிட்டால் அன்றைய பொழுது போனது போனதுதான். நேற்று அப்படித்தான் போனது. இன்று காலை எட்டரைக்கு இறங்கிவிட்டோம்.

பாதை தூத்கோசி ஆற்றை ஒட்டி இறங்குகிறது. தூத்கோசி என்றால் நேர் தமிழில் பாலாறு. பனியாறு தன் அடியில் இருக்கும் பாறையை அரைத்து அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு மழைக்காலத்தில் ஆற்றை வெளுக்க வைக்கும். நவம்பரில் மாவு குறைந்து தண்ணீர் பச்சையாக ஓடுகிறது. இந்த ஆற்றின் ஓரமாகவே நடந்து, அது கிளம்புகிற ஏரிகளில் ஒன்றான இம்ஜாவைப் பார்ப்பதுதான் திட்டம். கரை உடைந்து வெள்ளம் வந்துவிடக் கூடாதென்று மதகு வைத்து மட்டத்தை இறக்கிய பனியாற்று ஏரி அது.

லுக்லாவுக்கும் பாக்திங்குக்கும் நடுவில் காட் என்ற சிற்றூர். பாறைகளில் மந்திரம் செதுக்கி வெள்ளை பூசியிருக்கிறார்கள். ஊர் உட்கார்ந்திருக்கும் திட்டு ஆற்றோரம் செங்குத்தாக அறுபட்டு நிற்கிறது. வெட்டுமுகத்தை நின்று பார்த்தால் உருண்டைக் கல், மணல், மறுபடி உருண்டைக் கல் என்று அடுக்கடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு தடித்த அடுக்கும் ஒரு பெருவெள்ளத்தின் கணக்கு. 1985இல் மேலே ஓர் ஏரி உடைந்தபோது இங்கே வீடுகளை ஆறு அடியோடு அரித்துக்கொண்டு போனது. ஏரி இருந்த இடம் இங்கிருந்து இரண்டு நாள் நடை.

பாக்திங்கில் டால் பாத் 700 நேபாள ரூபாய். நம் 100 ரூபாய் அங்கே 160. சோறு, பருப்பு, உருளைக்கிழங்குக் கறி, குந்த்ருக் என்ற புளிக்க வைத்துக் காயவைத்த கீரை. மூன்று முறை போட்டாலும் அதே விலை. விடுதியை நடத்தும் திதி (நேபாளியில் அக்கா) தட்டு காலியாவதற்கு முன்பே கரண்டியோடு வந்து நிற்கிறார்.

நவம்பர் 6, புதன். பாக்திங் – நாம்சே

மோஞ்சோவில் சாகர்மாதா தேசியப் பூங்காவின் வாசல். இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1,500 ரூபாயும் வரியும். மற்ற வெளிநாட்டவருக்கு 3,000. கடவுச்சீட்டின் நகல் கேட்டார்கள். ஈரமான சட்டைப் பையில் இருந்த நகல் மாவாகிக் கையோடு வந்தது. அசலைக் காட்டி எழுத வைத்ததில் இருபது நிமிடம் போனது. நகலை பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

ஜோர்சாலேயைத் தாண்டினால் போத்தேகோசியும் தூத்கோசியும் கூடுகிற இடம். அங்கே பழைய தொங்குபாலம் ஒன்று கீழேயும் புதியது அதற்கு மேலேயும் தொங்குகின்றன. புதியதில் நடக்கும்போது காலுக்குக் கீழே ஆறு வெகு ஆழத்தில் தெரிகிறது. இத்தனை உயரம் எதற்கு என்று முதல்முறை வருபவர்கள் கேட்பார்கள். சாதாரண மழை வெள்ளத்துக்கு இவ்வளவு தேவையில்லை. ஏரி உடைந்து வரும் வெள்ளம் வேறு வகை. அது மரம், பாறை, சேறு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு வரும். குறுகலான இடத்தில் அடைத்துக்கொண்டு மேலெழும். பாலத்தைத் தண்ணீர் தொடாவிட்டாலும் பாலம் ஊன்றியிருக்கும் கரையைத் தின்றுவிடும். 1985 வெள்ளத்தில் 14 பாலங்கள் போயின. இங்கே பாலம் போனால் அரிசியும் மண்ணெண்ணெயும் மருந்தும் மேலே ஏறாது. ஒரு மூட்டை அரிசி சுமப்பவரின் முதுகில்தான் வருகிறது, அல்லது கோவேறு கழுதையில்.

பாலத்துக்கு அப்புறம் 600 மீட்டர் ஏற்றம், நிழலே இல்லாத இடங்களும் உண்டு. நாம்சேவில் பல் கிட்டும் குளிர்.

நவம்பர் 7, வியாழன். நாம்சே – தாமே

மூன்று மாதம் முன்பு, ஆகஸ்ட் 16 அன்று, தாமேயை வெள்ளம் அடித்தது. டென்சிங் நோர்கே வளர்ந்த ஊர். எவரெஸ்ட்டில் அதிக முறை ஏறிய காமி ரீட்டா ஷெர்பாவின் ஊரும் இதுவே.

நாம்சேயிலிருந்து போத்தேகோசி பள்ளத்தாக்கில் நான்கரை மணி நேர நடை. ஆற்றோரக் காடு முடிகிற இடத்தில் மரங்கள் ஆளுயரத்துக்குத் தோலுரிந்து நிற்கின்றன. கிளை முறியவில்லை, பட்டை மட்டும் போயிருக்கிறது. ஓடுகிற கல் தேய்த்த அடையாளம் அது.

ஊரின் மேல்பாதி அப்படியே இருக்கிறது. கீழ்ப்பாதியில் சாம்பல் நிறக் கல்வெளி. முதற்கட்டக் கணக்கில் பள்ளிக்கூடம், சுகாதார நிலையம், ஏழு வீடுகள், ஐந்து விடுதிகள் என்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. வெள்ளம் வந்தது பகல் ஒன்றரை மணி வாக்கில். எல்லோரும் விழித்திருந்தார்கள், சத்தம் கேட்டதும் மேட்டுக்கு ஓடினார்கள். அதே வெள்ளம் பின்னிரவு இரண்டு மணிக்கு வந்திருந்தால் என்ற நினைப்பு இங்கே நிற்கும் யாருக்கும் வராமல் இருக்காது.

பாதி புதைந்த வீடொன்றின் சன்னல் வழியாக உள்ளே பார்த்தோம். அடுப்புக்கு மேலிருந்த அலமாரியில் பித்தளைத் தண்ணீர்க் குடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஷெர்பா வீடுகளில் குடும்பத்தின் மதிப்பே அந்த வரிசைதான். கீழ்த்தட்டு வரைக்கும் வண்டல். வண்டல் காய்ந்து, சிமெண்ட் போல இறுகி, பலகை பலகையாக வெடித்திருக்கிறது. தொட்டால் முகத்துக்குப் பூசும் மாவைப் போல அவ்வளவு நைசு. ஆற்று மணலில் இந்த நைசு வராது. பனியாறு அரைத்த மாவு இது, நேராக ஏரியின் அடியிலிருந்து வந்தது.

உடைந்தவை மேலே தெங்போ பக்கத்துப் பள்ளத்தாக்கில் இருந்த இரண்டு சிறு ஏரிகள், ஒன்றுக்கு மேல் ஒன்று. மேல் ஏரி வழிந்து கீழ் ஏரியில் விழ, கீழ் ஏரியின் கரை அறுத்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து வெளியேற்றிய தண்ணீர் ஐந்து லட்சம் கனமீட்டருக்கும் குறைவு என்பது பிற்பாடு வந்த மதிப்பீடு. நாங்கள் பார்க்கப் போகும் இம்ஜாவில் இருப்பது ஏழு கோடி கனமீட்டருக்கு மேல். அதில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத தண்ணீர் இந்த ஊரின் பாதியைத் தின்றிருக்கிறது.

ஆபத்தான ஏரிகள் என்று ஒரு பட்டியல் உண்டு. 2020இல் இமயமலைப் பகுதியை ஆராயும் ஐசிமோட் நிறுவனமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கோசி, கண்டகி, கர்ணாலி வடிநிலங்களில் 3,624 பனியாற்று ஏரிகளைக் கணக்கெடுத்து, 47ஐத் தனியே குறித்தன. அவற்றில் 25 திபெத்தில், 21 நேபாளத்தில், ஒன்று இந்தியாவில். தாமேயை அடித்த இரண்டும் அந்த 47இல் இல்லை. பட்டியல் தப்பென்று சொல்லவில்லை. பரப்பும் கொள்ளளவும் பெரியதாக இருந்தால்தான் கண்ணில் படும் என்ற பழக்கத்தால் வருகிற குறை இது. சின்ன ஏரிக்கு மேலே என்ன தொங்குகிறது, கீழே எத்தனை வீடு இருக்கிறது என்ற இரண்டு கேள்வியையும் சேர்த்துத்தான் ஆபத்தை எடை போட வேண்டும்.

இரவு தாமேயின் மேல்பகுதியில் தங்கல். ரிகி குர் கொடுத்தார்கள்: உருளைக்கிழங்கை அரைத்து மாவோடு கலந்து கல்லில் தடிமனாக வார்த்த அடை. மேலே நாக் வெண்ணெய். யாக் ஆண், நாக் பெண். யாக் பால் என்று கேட்டால் பாட்டிமார் திருத்துவார்கள். விலை 550. வெள்ளத்தில் வீடிழந்த உறவுக்காரக் குடும்பம் ஒன்று அடுத்த அறையில் மூன்று மாதமாக இருக்கிறது. அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தனியாக அடை சுட்டு எடுத்து வைத்துவிட்டுத்தான் எங்களுக்குப் பரிமாறினார்கள்.

நவம்பர் 8, வெள்ளி. தாமே – நாம்சே

1985 கதை இந்தப் பள்ளத்தாக்கில்தான். தாமேக்கு மேற்கே லாங்மோச்சே பனியாற்றின் காலடியில் டிக் ட்ஷோ என்ற ஏரி. ஷெர்பா மொழியில் ட்ஷோ என்றால் ஏரி. ஆகஸ்ட் 4 அன்று பனியாற்றின் முகத்திலிருந்து பனிச்சரிவு ஏரிக்குள் விழுந்தது. சுமார் 5 மீட்டர் உயர அலை எழுந்து கரையைத் தாண்டியது.

அந்தக் கரை எதனால் ஆனது என்று தெரிந்தால் மற்றது புரியும். பனியாறு முன்னேறிய காலத்தில் புல்டோசர் போலத் தள்ளிக் குவித்த கல்லும் மண்ணும்தான் கரை. மொரைன் என்பார்கள். யாரும் திம்மிசு போட்டு இடித்து இறுக்கிய கரை அல்ல அது. நம் ஊர் ஏரிக்கரைக்குக் களிமண்ணும் கல்பதிப்பும் உபரி நீர் வழியக் கலிங்கும் உண்டு. இங்கே மூன்றும் கிடையாது. அலை ஒரு முறை தாண்டிவிட்டால் கரையின் வெளிச்சரிவில் ஓடை விழும். ஓடை பின்னோக்கி அறுத்துக்கொண்டே ஏரியை எட்டும். எட்டியதும் ஏரியே ஓடையை ஆழப்படுத்தும். ஆழமானால் இன்னும் தண்ணீர் வரும், இன்னும் ஆழமாகும். பெரிய கல்லாகப் பார்த்து அடியில் தங்கித் தளம் போட்டுவிட்டால் நிற்கும், இல்லையென்றால் ஏரி காலியாகும் வரை நிற்காது.

டிக் ட்ஷோவில் உச்ச ஓட்டம் வினாடிக்கு சுமார் 1,600 கனமீட்டர் என்று மதிப்பிட்டார்கள். கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த நாம்சே சிறு நீர்மின் நிலையம் போனது. சுமார் 30 வீடுகள். பார்த்தவர்கள் சொன்னது தண்ணீரைப் பற்றியல்ல: கறுப்பாக ஒரு திரள் மெதுவாக வந்தது, நிலம் அதிர்ந்தது, புதிதாகக் கிளறிய மண்ணின் வாசனை முன்னால் வந்தது என்றார்கள். வெள்ள முகத்தின் வேகம் வினாடிக்கு 4, 5 மீட்டர். மனிதன் ஓடுகிற வேகம்தான். ஆகவே பள்ளத்தாக்கின் கீழ்நோக்கி ஓடுபவர் தோற்பார். பக்கச் சரிவில் ஏறுபவர் இரண்டு நிமிடத்தில் தப்பிக்கலாம்.

பின்னர் ஆஸ்திரிய உதவியோடு மின்நிலையத்தை வேறு இடத்தில், தாமே ஓடையில் கட்டினார்கள். நாம்சே விடுதியில் செல்போன் ஏற்றுவது அந்த மின்சாரத்தில்தான். இங்கே 300 ரூபாய்.

நவம்பர் 9, சனி. நாம்சே – பாங்போச்சே

சனிக்கிழமை நாம்சேவில் சந்தை. விடியலுக்கு முன்பே கூடைகள் வந்துவிட்டன. கோஸ் கிலோ 180, தக்காளி 250. இறைச்சியும் கீழேயிருந்து நடந்தே வருகிறது. கும்புவில் உயிர்க்கொலை வழக்கமில்லை என்பதால் மேலே எதையும் அறுப்பதில்லை. இங்கிருந்து மேலே சைவம்தான் வயிற்றுக்கு நல்லது.

தெங்போச்சே மடத்தில் அரைமணி. அங்கிருந்து அமா டப்லம் சிகரம் கையெட்டும் தூரத்தில் நிற்கிறது. அதன் அடியில் நாரே பனியாற்றில் 1977 செப்டம்பரில் ஓர் ஏரி உடைந்தது. அந்த ஓடை இம்ஜா ஆற்றோடு சேர்கிற வழியை பாங்போச்சேக்குக் கீழே பார்க்கலாம், இன்னமும் புல் சரியாக மூடவில்லை.

நவம்பர் 10, 11. திங்போச்சே (4,410 மீ)

இரண்டு நாளும் இங்கேயே. உயரத்துக்கு உடல் பழக வேண்டும்.

திங்போச்சே கல்வேலிகளின் ஊர். வயலில் பொறுக்கிய கல்லையே வயலைச் சுற்றி அடுக்கியிருக்கிறார்கள். உருளைக்கிழங்கும் பார்லியும் விளைகின்றன. அறுவடை முடிந்த வயலில் நாக் மாடுகள் மேய்கின்றன. கிழக்கே பள்ளத்தாக்கின் தலைமாட்டில் இம்ஜா. ஏரியிலிருந்து இங்கே சுமார் 9 கிலோமீட்டர். வினாடிக்கு 5 மீட்டர் என்று வைத்தால் அரைமணி. சரிவு குறைந்த இடங்களில் வெள்ளம் பரவி வேகம் தளரும், அதனால் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கலாம். திட்டம் போடும்போது அந்தக் கூடுதலை எண்ணக் கூடாது.

அரைமணியைக் கொடுப்பதற்குத்தான் அபாயமணி. அதன் சங்கிலி இப்படி: ஏரியின் வாயிலும் ஆற்றிலும் நீர்மட்ட உணரிகள், அவை சொல்வதைப் பதியும் பெட்டி, பெட்டியிலிருந்து செயற்கைக்கோளுக்கோ செல்போன் கோபுரத்துக்கோ செய்தி, அங்கிருந்து ஊர்க் கம்பத்தின் சைரன். எல்லாவற்றுக்கும் சோறு போடுவது ஒரு சூரியத் தகடும் ஒரு பேட்டரியும்.

இந்தச் சங்கிலி பெரும்பாலும் அறுந்துபோவது பேட்டரியில். மைனஸ் 20இல் ஈய பேட்டரியின் கொள்ளளவு பாதிக்கு இறங்கும். முழுக்க ஏற்றிய பேட்டரி கடுங்குளிரிலும் உறையாது, ஆனால் தீர்ந்துபோன பேட்டரி மைனஸ் 10 அருகிலேயே உறைந்து வெடிக்கும். தகட்டின் மேல் ஒரு வாரம் பனி கிடந்தால் ஏற்றம் குறைகிறது, குறைந்த பேட்டரி உறைகிறது, மார்ச்சில் வெயில் வரும்போது எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரிகிறது, சைரன் மட்டும் ஊதாது. தகட்டை 60 பாகைக்குச் செங்குத்தாகச் சாய்த்து வைத்தால் பனி வழுக்கி விழும். பேட்டரிப் பெட்டியைத் தரைக்குள் புதைத்து நுரைப்பலகை சுற்ற வேண்டும். அதைவிட முக்கியம், ஊரில் ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுத்து, தகட்டைத் துடைக்கவும் மாதம் ஒரு முறை சைரனை ஊதிப் பார்க்கவும் பொறுப்பு கொடுப்பது.

மேற்கே ரோல்வாலிங் பள்ளத்தாக்கின் ட்ஷோ ரோல்பா ஏரிக்கு 1998இல் 17 ஊர்களில் சைரன் வைத்தார்கள். நேபாளத்தில் அதுதான் முதல். சில ஆண்டுகளில் பேட்டரியும் தகடும் திருடு போய், பராமரிப்பும் நின்று, சைரன்கள் ஊமையாயின. சைரன் வாங்கப் பணம் கிடைக்கும். அதைப் பத்து ஆண்டு உயிரோடு வைத்திருக்கப் பணம் கிடைப்பதுதான் அரிது.

வழியில் ஓர் ஊரில் துருப்பிடித்த சைரன் கம்பத்தின் கீழே உட்கார்ந்து வெயில் காய்ந்த பெரியவரிடம், இது ஊதினால் எங்கே போவீர்கள் என்று கேட்டோம். "ஊதி நான் கேட்டதில்லை. ஆறு திடீரென்று நின்றால் போவேன்" என்றார். அது மிகச் சரியான பதில். மேலே எங்கோ அடைத்துக்கொண்டால் முதலில் ஆறு வற்றும். அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். ஆறு காரணமில்லாமல் குறைந்தாலும், காப்பி நிறமானாலும், மண்வாசனை அடித்தாலும், ஹெலிகாப்டர் போன்ற இரைச்சல் ஓயாமல் கேட்டாலும் பக்கச் சரிவில் ஏற வேண்டும். பாலத்தைக் கடக்கக் கூடாது. முதல் வெள்ளம் வடிந்ததும் சாமான் எடுக்க இறங்கவும் கூடாது. இரண்டாம் அலை வரலாம்.

இஞ்சி எலுமிச்சைத் தேநீர் ஒரு குடுவை 900 ரூபாய். இரவு தண்ணீர்க் குழாய் உறைந்துவிட்டது. திதி காலையில் சுடுநீரைக் குழாய் மூட்டுகளில் ஊற்றி, ஒவ்வொரு மூட்டாகத் தட்டிக்கொண்டே போய் இளக்கினார். பன்னிரண்டு மூட்டு.

நவம்பர் 12, செவ்வாய். சுக்குங் (4,730 மீ)

மூன்று மணி நடை. காற்று எதிரே அடித்தது.

சுக்குங்குக்கு வடகிழக்கே லோட்சே பனியாறு. அதன் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குட்டைகள், உள்ளே பனிக்குள் சுரங்கம் போல நீர்வழிகள். 2016 ஜூன் 12 அன்று அந்த நீர்வழிகள் வழியாகத் திடீரென்று வெள்ளம் வெளியேறி ஊருக்குப் பக்கத்தில் ஓடியது. ஏரி எதுவும் உடையவில்லை. பனியாற்றின் வயிற்றுக்குள் தேங்கியது வெளியே வந்தது, அவ்வளவுதான். அதனால்தான் ஆற்றோரம் கேபியன் சுவர்: கம்பிவலைக் கூடைக்குள் கல் அடுக்கி, கூடையோடு கூடை கம்பியால் தைத்த சுவர். கல் வலைக் கண்ணைவிடப் பெரியதாக இருக்க வேண்டும், கையால் அடுக்க வேண்டும், கொட்டக் கூடாது. கொட்டினால் நடுவில் வெற்றிடம் விழுந்து கூடை தொப்பையாகும். சுவரின் அடி ஆற்றின் அரிப்பு ஆழத்துக்குக் கீழே போக வேண்டும். இல்லையென்றால் வெள்ளம் சுவரை மோதித் தள்ளாது, அடியில் தோண்டிக் கவிழ்த்துவிடும்.

மாலையில் அடுப்பைச் சுற்றிப் பத்துப் பேர். காய்ந்த யாக் சாணம் எரிகிறது. சிலிகுரியிலிருந்து வந்த இரண்டு தம்பிகள் ஷாக்பா குடித்துக்கொண்டிருந்தார்கள். கையால் கிள்ளிப் போட்ட மாவும் கிழங்கும் முள்ளங்கியும் வேகவைத்த கஞ்சி, 650 ரூபாய். சிலிகுரிக்காரர்களுக்கு, சிக்கிமிலிருந்து இறங்கி வரும் தீஸ்தா ஆறு தெரியும். 2023 அக்டோபர் 3 இரவில் சிக்கிமின் தெற்கு லோனக் ஏரியில், உறைந்திருந்த பக்கவாட்டு மொரைன் பெயர்ந்து விழுந்து சுமார் 20 மீட்டர் அலை எழுந்தது. கரை உடைந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் மின்திட்டத்தின் அணையை நள்ளிரவில் அடித்துப் போனது. அவர்கள் கேட்டது: "அந்த ஏரியில்தான் முன்பே குழாய் போட்டார்களே, ஏன் காப்பாற்றவில்லை?"

குழாய் போட்டது 2016இல். சைஃபன், நாம் டிரம்மில் இருந்து டியூப் வைத்து உறிஞ்சி எடுக்கிற அதே வேலை. சைஃபனைத் தூக்கி நிறுத்துவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் காற்று 10.3 மீட்டர் தண்ணீரைத் தூக்கும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் பாதிக்குச் சற்று மேல், அதனால் ஏட்டுக்கணக்கில் ஐந்தரை மீட்டர். உராய்வும் நீராவியும் போக நான்கு மீட்டர் கிடைத்தால் நல்லது. கரையின் உச்சி ஏரி மட்டத்தைவிட நான்கு மீட்டருக்கு மேல் இருந்தால் சைஃபன் பிடிக்காது. ஏரி தாழத் தாழ தூக்க வேண்டிய உயரம் கூடுவதால் தானே நின்றுவிடும். தண்ணீரில் கரைந்த காற்று பிரிந்து குழாயின் வளைவில் சேரும், அதை வெளியேற்றி மறுபடி நிரப்ப ஆள் வேண்டும். இரவில் வால்வு உறையும். ஒரு பருவத்துக்கு அவசர முதலுதவியாக நல்லது, நிரந்தர மருந்தாகாது. தம்பிகள் கணக்கைத் தங்கள் கையாலேயே துடைப்புத்தாளில் போட்டுச் சரிபார்த்தார்கள்.

நவம்பர் 13, புதன். இம்ஜா ஏரி (5,010 மீ)

அறைக்குள் வைத்த தண்ணீர் பாட்டிலில் மெல்லிய பனித்தகடு. வெளியே மைனஸ் 13. ஐந்தரைக்குக் கிளம்பினோம், எட்டரைக்கு ஏரி.

1950களில் இங்கே ஏரி கிடையாது, பனியாற்றின் மேல் சில குட்டைகள் மட்டும். குட்டைகள் வளர்ந்து சேர்ந்தன. 2012இல் பரப்பு 1.3 சதுர கிலோமீட்டர் வாக்கில். 2014இல் அளந்தபோது ஆழம் 150 மீட்டரை ஒட்டி வந்தது. இப்போது மேற்குக் கரையில் நின்றால், கிழக்கே பனியாற்றின் முகம் இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் அழுக்கு வெள்ளைச் சுவராகத் தெரிகிறது. அவ்வப்போது இடி போல ஒரு சத்தம். ஒரு துண்டு விழுந்திருக்கும். அலை இங்கே வந்து சேரும்போது கரையில் ஒரு சாண் ஏறி இறங்குகிறது.

ஏரியின் தண்ணீர் நேராக ஆற்றில் விழுவதில்லை. மேற்கே சில நூறு மீட்டர் அகல மொரைன் திடல். அதில் குட்டைக்குக் குட்டை இறங்கிப் போகிறது. ஆபத்தின் முடிச்சு இந்தத் திடலில்தான். மேலே பார்த்தால் கல்லும் சரளையும். ஒரு குட்டையின் கரையில் சரளை சரிந்த இடத்தில் உள்ளே தெரிந்தது: ஒரு மீட்டர் சரளை, அதன் கீழே கருநீலப் பனி, கண்ணாடி போல ஈரமாக. பதினொரு மணி வெயிலில் சொட்டுச் சொட்டாக உருகி, ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் மேலிருந்து கூழாங்கல் கழன்று குட்டையில் விழுந்தது. கரை என்று நாம் நினைப்பதில் ஒரு பகுதி பனி. அது உருகினால் கரை உட்காரும், குட்டை பெரிதாகும், ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கும் திடல் ஒடுங்கும். ஆகவே இங்கே வாய்க்கால் வெட்டுவதற்கு முன் தரையூடுருவும் ராடாரும் மின்தடை அளவையும் வைத்து, எங்கே பனி இல்லை என்று தேடுவது முதல் வேலை. பனியின் மேல் வாய்க்கால் வெட்டினால் ஓடுகிற தண்ணீரே பனியைக் கரைத்து, நாமே உடைப்பைத் தொடங்கி வைத்ததாகிவிடும்.

2016இல் நேபாள ராணுவம் அந்த வேலையைச் செய்தது. நீரியல் வானிலைத் துறையும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்த திட்டம், உலகச் சுற்றுச்சூழல் நிதியத்தின் பணம். ஓடுகிற தண்ணீரை முதலில் தற்காலிகக் கரை போட்டு ஒரு பக்கம் திருப்ப வேண்டும். காய்ந்த பக்கத்தில் தோண்டி, கல் பதித்து, மதகு வைத்து, பிறகு தண்ணீரைப் புது வழியில் விட வேண்டும். 5,010 மீட்டரில் ஆள் ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். 45 மீட்டர் நீள வாய்க்கால். மதகைத் திறந்து இரண்டு மாதத்தில் ஏரியை 3.4 மீட்டர் இறக்கினார்கள், ஒரு நாளைக்கு ஐந்தாறு சென்டிமீட்டர். வெளியேறியது 50 லட்சம் கனமீட்டருக்கு மேல். வகுத்துப் பார்த்தால் சராசரியாக வினாடிக்கு ஒரு கனமீட்டர். டிக் ட்ஷோவுக்கு எழுதிய 1,600ஐ நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே மலை, ஒரே தண்ணீர்; அவசரப்படாமல் விட்டால் ஆற்றுக்கே தெரியாமல் போய்விடுகிறது. மெதுவாக இறக்குவதற்கு இன்னொரு காரணம், ஏரி மட்டம் சட்டென்று இறங்கினால் நீரில் ஊறிய உட்கரை தாங்கல் இழந்து சரியும்.

இந்த வாய்க்காலின் மேல் நின்றபோது மனம் நிறைந்தது. இந்தக் காற்றில், இந்தக் குளிரில், ஒவ்வொரு கல்லையும் யாரோ மூச்சு வாங்கி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் 150 மீட்டர் ஆழ ஏரியில் 3.4 மீட்டர் என்பது எவ்வளவு? 2015இல் வந்த கணினி ஆய்வொன்று, திங்போச்சேக்கு வரும் வெள்ளத்தைக் கணிசமாகக் குறைக்க ஏரியை 20 மீட்டராவது இறக்க வேண்டும், 3 மீட்டரில் பெரிய மாற்றம் இருக்காது என்றது. ட்ஷோ ரோல்பாவிலும் 2000இல் இறக்கியது 3 மீட்டர். இறக்கியதால் கரையின் மேல் அழுத்தம் குறைகிறது. அலைக்கும் கரை உச்சிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏரிக்குக் கலிங்கு ஒன்று கிடைக்கிறது. அந்தக் கலிங்கைப் பார்த்துக்கொள்வது இங்கே வருடாவருட வேலை: மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் கல்பதிப்பில் விரிசல், மதகுக் காடியில் வண்டல், வாய்க்கால் முடிகிற இடத்தில் அரிப்பு, குட்டைகளின் கரை போன வருடத்தைவிட எத்தனை மீட்டர் நகர்ந்தது, கரையில் நட்ட கம்பங்கள் எவ்வளவு உட்கார்ந்தன. ஒரு டேப், ஒரு ஜிபிஎஸ், ஒரே இடத்திலிருந்து எடுத்த புகைப்படம், இரண்டு ஆள், ஒரு நாள்.

இம்ஜாவுக்கு ஒரு நல்ல அம்சமும் உண்டு. இருபுறமும் பக்கவாட்டு மொரைன்கள் உயரமாக நிற்கின்றன. அவற்றுக்கும் மலைக்கும் நடுவில் பள்ளம். மலையிலிருந்து விழும் கல்லும் பனியும் பெரும்பாலும் அந்தப் பள்ளத்திலேயே தங்கிவிடும். தெற்கு லோனக்கில் பெயர்ந்தது பக்கவாட்டு மொரைனே என்பதால், இந்தச் சுவர்களையும் செயற்கைக்கோள் ராடாரில் தொடர்ந்து பார்க்க வேண்டும். வருடத்துக்குச் சில மீட்டர் நகர்கிற சரிவு அதில் தெரிந்துவிடும்.

பன்னிரண்டுக்குக் காற்று எழுந்தது. ஒருவருக்குத் தலைவலி வந்ததால் அப்படியே திங்போச்சேக்கு இறங்கிவிட்டோம்.

நவம்பர் 15, வெள்ளி. பாக்திங்

வந்த வழியே இறக்கம். டால் பாத் மறுபடி 700 ஆனது.

விடுதிக்குக் கீழே, ஆற்றோரத் திட்டில், புதுக் கட்டடத்துக்கு அடித்தளம் போடுகிறார்கள். ஆற்று மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று கையில் பிடித்து அளக்கும் கையளவியில் பார்த்தோம்: நாலரை மீட்டர். மேஸ்திரியிடம் ஏன் இவ்வளவு கீழே என்று கேட்டோம். மேட்டில் நிலம் கிடையாது, பாதை ஓரமாக இருந்தால்தான் ஆள் தங்குவார்கள் என்றார். அதுவும் உண்மை. 1985 வெள்ளம் எதுவரை ஏறியது என்று கேட்டதும் உளியைக் கீழே வைத்துவிட்டு எங்களைக் கூட்டிக்கொண்டு போய், பாதைக்கு மேலே தனியாக நிற்கும் பாறையைக் காட்டினார். அவருடைய அப்பா காட்டிக்கொடுத்ததாம். பாறையில் எந்தக் குறியும் இல்லை. கையளவியில் பத்து மீட்டர் வந்தது. அவர் அந்த எண்ணை இரண்டு முறை கேட்டு, தன் அளவுகோலின் பின்பக்கம் பென்சிலால் எழுதிக்கொண்டார்.